துண்டு விழும் அறைகள்

என் மதினி ஆறுமுகத்தாயின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பத்து வயதில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தவள், நாற்பது வயதுவரை சுற்றினாள். எங்கள் முக்கூடலில் இது அதிசயமில்லை, தெருவுக்குத் தெரு அந்த வேலைதான். அவள் அதை விட்டு ஐந்து வருடம் ஆகிவிட்டது, விரல்களுக்கு மட்டும் யாரும் அந்தச் சேதியைச் சொல்லவில்லை போலிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதையாவது எடுத்துச் சுருட்டும். முந்தானை நுனி, பஸ் டிக்கெட், நான் படித்துக்கொண்டிருக்கும் பேப்பரின் ஓரம், எது அகப்பட்டாலும் சரி. எனக்கு எரிச்சலாக வரும். நான் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஒரு கோப்பை மூன்று மாதம் அசையாமல் வைத்திருக்கத் தெரிந்தவள். எனக்கும் இந்தப் பரபரப்புக்கும் ஆகாது.

"கையைச் சும்மா வைங்களேன் மதினி" என்பேன்.

"சும்மாதான வச்சிருக்கேன் தேனு" என்பாள். சுருட்டிக்கொண்டேதான் சொல்லுவாள்.

அந்தக் கை செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப்போகிறேன். "வீட்டு விசயத்த எதுக்குட்டி எழுதுத?" என்று அவள் புருஷன், என் அண்ணன் மகாராஜன் கேட்டான். அவன் பேச்சை நான் எப்போது கேட்டேன், இப்போது கேட்க?

பீடிக் கம்பெனியில் வேலை குறைந்து, வாரத்தில் மூன்று நாள் இலை கொடுத்தாலே பெரிது என்று ஆன சமயத்தில்தான், ஊருக்குக் கிழக்கே, திருநெல்வேலி போகிற பாதையில், ஆற்றங்கரையில் அந்த ரிசார்ட் வந்தது. அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'எண்ணெய் வீடு' என்பார்கள். ஜெர்மனி, பிரான்சு, ரஷ்யா என்று எங்கெங்கிருந்தோ வந்து இறங்கி, இருபத்தொரு நாள் தங்கி, உடம்பெல்லாம் எண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொண்டு, கஞ்சி குடித்து, ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். நம் ஊரில் ஒருவர் இருபத்தொரு நாள் கஞ்சி குடித்தால், சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிடுவார்கள். இவர்கள் அதற்குப் பணம் கட்டி விமானம் ஏறி வருகிறார்கள். கிண்டல்தான் செய்கிறேன். ஆனால் அந்த வீடு வந்த பிறகு எங்கள் பக்கம் நாலைந்து வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

மதினி அங்கே அறை பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்திரண்டு அறைகள். எண்ணெய்த் தேய்ப்பு என்றால் கூடவே துணி வந்துவிடும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு விரிப்பு, நாலு துண்டு. அத்தனையும் வெள்ளை, அத்தனையிலும் எண்ணெய். கொதிக்கிற தண்ணீரில் சோடாவும் சலவைத்தூளும் போட்டு ஊறவைத்துக் கும்மி அலசினால்தான் மறுபடி வெள்ளையாகும். பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் அந்த வேலை நடந்தது. அதற்கு ஆள் கேட்டபோது, தன்னோடு பீடி சுற்றிய நாலு பெண்களை மதினிதான் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டாள். அவர்களில் ஞானம்பாள் அவளுக்கு மிக நெருக்கம். புருஷன் இல்லை. ஒரே மகளை நர்சிங் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் மாதச் சம்பளம் கிடையாது, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. பீடிக்கும் அப்படித்தான், ஆயிரத்துக்கு இவ்வளவு. அதனால் அவர்களுக்கு அது பழகிய ஏற்பாடாகவே இருந்தது.

ஏழரை மணி பஸ்ஸில் எல்லோரும் வேலைக்குப் போவார்கள். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லாத பஸ், ஆகையால் ஒரு காலை ஊன்ற இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். நாலு பேரும் பஸ் நிலையத்திலேயே ஏறிவிடுவார்கள். எங்கள் வீடு அடுத்த நிறுத்தம். ஞானம்பாள் தன் தோள் துண்டை எடுத்துப் பக்கத்து இடத்தில் விரித்து வைப்பாள். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது" என்பாள். துண்டு போட்ட இடத்தில் எங்கள் பக்கம் யாரும் உட்காரமாட்டார்கள், அதற்கு மேல் பேச்சில்லை. மதினி ஏறி, துண்டை எடுத்து மடித்து ஞானம்பாளின் மடியில் வைத்துவிட்டு உட்காருவாள். நாலு வருடமாக இது ஒருநாளும் தவறியதில்லை.

அண்ணனுடைய வயலும் எண்ணெய் வீட்டுக்குப் பக்கத்தில்தான். பின்பக்கம் ஓடுகிற வாய்க்காலின் முதல் மடையில் ஒண்ணரை ஏக்கர். சொந்த நிலமில்லை. திருநெல்வேலி டவுனில் இருக்கும் திருஞானசம்பந்தம் அண்ணாச்சியின் நிலம். எங்கள் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு நாங்கள்தான் பயிர் வைக்கிறோம். எண்ணெய் வீட்டார் கார் நிறுத்துவதற்காக அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி நல்ல மனிதர், கூடவே வியாபாரி. போன ஐப்பசியில் அண்ணனைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"மகாராசா, போன வருசம் பாதிக்குப் பாதி பதரா அடிச்சிட்டு வந்து நின்னே. இந்தப் பிசானம் ஒழுங்கா வெளஞ்சா அடுத்த வருசமும் நீயே வையி. இல்லேன்னா குடுத்திருவேன். பெறகு என்னக் குத்தஞ் சொல்லப்படாது, ஆமா."

அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. வயல் போனால் அவன் யார் வீட்டுக்கோ காவல்காரனாகப் போகவேண்டியதுதான். ஆகவே ஐப்பசியில் வைத்துப் பங்குனியில் அறுக்கிற அந்தப் பிசானப் பயிரில்தான் எல்லாம் இருந்தது.

போன வருடம் ஏன் பதரானது என்று அண்ணனுக்குத் தெரியாது. மழையைத் திட்டினான், விதை விற்றவனைத் திட்டினான். விஷயம் கொட்டகையில் இருந்தது. துணி அலசிய தண்ணீர் ஒரு குழியில் இறங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் குழி எண்ணெய்ப் பிசுக்கில் அடைத்துக்கொண்டது. விருந்தாளிகள் நிறைந்திருக்கும் மார்கழி, தை, மாசியில் குழி நிரம்பி, புல்லுக்குள் கிடந்த ஒரு குழாய் வழியாக வாய்க்காலில் நுரை நுரையாக இறங்கியது. பிசானப் பயிர் தண்ணீர் குடிப்பதும் அதே மாதங்களில்தான். கொட்டகைப் பெண்களுக்குக் குழாய் இருப்பது தெரியும். மதினிக்கும் தெரியும். இவ்வளவு தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் இது கரைந்துபோகாதா என்று இருந்துவிட்டார்கள். வயலோடு அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இந்த வருடம் ஜனவரி முதல் வாரத்தில் மேலாளர் ஜோஷுவா எல்லா வேலைக்காரர்களையும் கூப்பிட்டார். பாளையங்கோட்டைக்காரர், முப்பது வயதிருக்கும், கெட்டிக்காரர், எப்போதும் யாருக்கோ போனில் பதில் சொல்லிக்கொண்டே நடப்பவர். விருந்தாளிகளை அனுப்பிவைக்கும் வெளிநாட்டு நிறுவனம் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தது. தண்ணீர்ச் செலவைக் குறைத்துக் காட்டினால் பச்சை இலைச் சான்றிதழ் தருவார்கள். காட்டாவிட்டால் அடுத்த வருட விருந்தாளிகள் எல்லாம் கேரளாவுக்குப் போய்விடுவார்கள். பிப்ரவரி கடைசியில் பார்வையிட ஆள் வரும். அதற்காக ஒவ்வோர் அறையிலும் ஓர் அட்டை வைத்தார்கள். மூன்று மொழியில் எழுதியிருந்தது. அதில் தமிழ் இல்லாததால் ஜோஷுவா வாயால் சொன்னார்.

"துண்டு கம்பியில தொங்குனா தொடாதீங்க. அவங்க அதையே மறுபடி துடைச்சுக்கிடுவாங்க. தரையில கெடந்தா மட்டும் எடுத்துச் சலவைக்குப் போடுங்க. விரிப்புக்கும் அப்படித்தான். வெளங்குதாக்கா?"

"தொங்குனா வேண்டாம், விழுந்தா எடுக்கணும். இதுல வெளங்காம இருக்க என்ன இருக்கு தம்பி" என்றாள் மதினி.

விருந்தாளிகள் சொன்ன பேச்சு கேட்கிறவர்கள். பூமியைக் காப்பாற்று என்று அட்டையில் போட்டிருந்தால் காப்பாற்றித்தான் தீருவார்கள். மறுநாள் மதினி போய்ப் பார்த்தால் இருபத்திரண்டு அறையிலும் துண்டு கம்பியில் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் சலவைக்கு வரும் உருப்படி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. குழி நிரம்பவில்லை, குழாயில் சொட்டு இல்லை. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது அண்ணன் என்னை வரப்புக்கே இழுத்துக்கொண்டு போனான்.

"பாத்தியாட்டி? கருகருன்னு நிக்கு பாரு. இந்தத் தடவ அண்ணாச்சி வாய அடைச்சிருதேன்" என்றான். இந்த நாலு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மதினி மட்டும் அவனோடு சேர்ந்து சிரிக்கவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வாரம் பஸ்ஸில் ஞானம்பாள் அவளிடம் பைய சொல்லியிருக்கிறாள்.

"எக்கா, கூலி பாதிதான் வருது. மகளுக்குப் பரிச்சைக்குக் கட்டணும். மாசம் பூராவும் துண்டு விழுது."

"அங்கன துண்டு விழமாட்டேங்கு, அதான் இங்கன துண்டு விழுது" என்று மதினி சொல்லியிருக்கிறாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். மதினிக்கு இப்படி எதையாவது டக்கென்று சொல்ல வரும். ஆனால் அடுத்த வாரம் நாலு பேரில் ஒருத்தி வேலைக்கு வரவில்லை. கட்டுப்படியாகவில்லை என்று நின்றுவிட்டாள். நீதானே கூட்டிக்கொண்டு வந்தாய் என்று யாரும் மதினியைக் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளை அரித்தது.

அதற்கு அடுத்த நாள் ஏழாம் நம்பர் அறையில் அவள் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துண்டு தொங்கியது. துடைக்கிற கை துண்டில் பட்டது, துண்டு தரையில் விழுந்தது.

"நான் ஒண்ணும் யோசிக்கல தேனு. கை தட்டிவிட்டுட்டு" என்று என்னிடம் சொன்னாள். "விழுந்தா எடுக்கணும்னு அந்தத் தம்பிதான சொன்னாவ. எடுத்தேன்."

முதல் துண்டைக் கை தட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எட்டாம் அறையிலும் தட்டிவிட்டதா? ஒன்பதாம் அறையிலும்? இருபத்திரண்டு அறையிலும் துண்டு விழுந்தது, விரிப்பு சரிந்தது. விருந்தாளிகள் தேய்ப்பு அறையில் இருக்கும் நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்துவிடும். அவர்கள் திரும்பி வரும்போது புதுத் துண்டு அதே கம்பியில் அதே மாதிரி தொங்கும். கொட்டகையில் உருப்படி குவிந்தது, நின்றுபோனவளும் திரும்பி வந்தாள். ஞானம்பாள் மகளுக்குப் பரீட்சைப் பணம் கட்டிவிட்டு, பஸ்ஸில் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

தை கடைசியில் பயிர் கதிர் வாங்கத் தொடங்கியது. அப்போதுதான் இலை நுனி கருகியது. முதலில் மடைக்குப் பக்கத்தில் நாலு வரிசை, பிறகு பாய் அகலத்துக்கு, பிறகு பாதி வயல். அண்ணன் ஓடினான். வேளாண்மை ஆபீசில் ஒருவர் துத்தநாகச் சத்துக் குறைவு என்றார். மருந்துக்கடைக்காரர் பூச்சி என்றார். இரண்டு பேர் சொன்னதையும் வாங்கித் தெளித்தான். எதுவும் கேட்கவில்லை என்றதும், கண்பட்டுவிட்டது என்று ஒரு மண்சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி வைத்து வயல் நடுவில் கவிழ்த்து வைத்தான். மூன்று வாரம் செழித்த பயிர் ஏன் திடீரென்று இப்படியானது என்று சாப்பிடும்போதும் அதையே கேட்டுக்கொண்டிருப்பான். மதினி எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு மட்டும் அந்த மூன்று வாரம் எது என்று தெரியும். அறைகளில் துண்டு தொங்கி, குழாயில் சொட்டு இல்லாமல் இருந்த மூன்று வாரம்.

அவளால் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வேலை நடுவே நாலு தடவை பின்பக்கம் ஓடிப் போய்க் குழாயைப் பார்ப்பாள். நுரை கூடியிருந்தால் மறுநாள் துண்டைத் தொடமாட்டாள். தொடாவிட்டால் சாயங்காலம் பஸ்ஸில் ஞானம்பாளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் அதற்கு மறுநாள் எல்லா அறையிலும் விழும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒற்றைப்படை அறைகளில் துண்டு விழும், இரட்டைப்படை அறைகளில் தொங்கும்.

பிப்ரவரி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது, வயல் வரப்பில் வைத்து இதையெல்லாம் என்னிடம் கொட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது என்ன ரேஷன் கடையா மதினி, ஒத்தப்படை ரெட்டப்படைன்னு?"

அவள் சிரிக்கவில்லை. ஒரு நெல் தாளைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நுனி கருகின தாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்தது.

"மொதல்ல அண்ணங்கிட்ட சொல்லுங்க."

"சொல்லி நிப்பாட்டிட்டா ஞானம்பாளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"சொல்லலேன்னா அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவிய?"

அவள் என்னைப் பார்த்தாள். படித்தவள், ஏதாவது வழி சொல்லுவாள் என்று நினைத்துத்தான் என்னிடம் வாய் திறந்திருக்கிறாள். நானோ, திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே ஆத்திரமாக இருக்கிறது.

ஏழாம் நம்பர் அறையில் இருந்த ஜெர்மன்கார அம்மாவின் பெயர் ஹெல்கா. எழுபது வயது இருக்கும். மூன்று வருடமாகத் தொடர்ந்து வருகிறவள். மதினி வாயில் அவள் 'எல்லக்கா' ஆகியிருந்தாள். ஈரப் படியில் இறங்கும்போதெல்லாம் மதினி கையைப் பிடித்து "பைய, பைய" என்று சொல்லிச் சொல்லி, அந்தம்மாவுக்கும் அந்த வார்த்தை பழகிவிட்டது. வணக்கம், பைய, துண்டு. அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தினமும் தொங்கவிடுகிற துண்டு தினமும் எப்படி உலர்ந்து மொரமொரவென்று இருக்கிறது? ஒருநாள் துண்டின் மூலையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டாள். திரும்பி வந்தால் முடிச்சு இல்லாத துண்டு தொங்கியது. மூன்று நாள் அப்படிச் செய்து பார்த்துவிட்டு ஜோஷுவாவிடம் போனாள். உங்கள் அட்டை பொய் சொல்கிறது, நான் நிறுவனத்துக்கு எழுதப்போகிறேன் என்றாள். பார்வையிட ஆள் வர நாலு நாள்தான் இருந்தது. ஜோஷுவாவுக்கு வியர்த்துவிட்டது.

அன்றைக்குக் காலையில்தான் அண்ணன் மதினியிடம் சொல்லியிருந்தான். "நாளைக்கு டவுனுக்குப் போயிட்டு வாரேன். அண்ணாச்சி, நெலத்தக் குடுத்திருங்கன்னு நம்மளே சொல்லிருவோம். அவரு வாயால கேக்கதுக்கு முன்னாடி சொல்லிட்டா மரியாதையாவது மிஞ்சும்." சொல்லிவிட்டு, போகிற வயல்தானே என்று இல்லாமல், தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கப் போய்விட்டான்.

ஜோஷுவா மதினியை ஏழாம் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு அவள்மேல் சந்தேகமே இல்லை. அட்டையைப் படிக்கத் தெரியாதவள், பழைய பழக்கத்தில் எடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தார்.

"அக்கா, தொங்குறதையும் சேத்து எடுத்துட்டீங்க போல. பரவாயில்ல. நான் இவங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன். நீங்க ஆமான்னு தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்."

அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அந்தம்மாவின் முகம் மாறியது. கண் கலங்கியது. நெஞ்சில் கைவைத்து மதினியைப் பார்த்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"என்ன சொன்னீங்க தம்பி? அவிய ஏன் அழுதாவ?"

"ஒருதடவை துடைச்ச துண்டை விருந்தாளிக்கு மறுபடி குடுக்குறது எங்க பக்கம் பெரிய அவமரியாதை, அதான் அக்காவுக்கு மனசு கேக்கலன்னு சொன்னேன்."

எங்கள் வீட்டில் விருந்தாளி கை கழுவினால் கொடியில் எது கிடக்கிறதோ அதைத்தான் எடுத்துக் கொடுப்போம். அண்ணாச்சியே வந்தாலும் அதுதான். அந்தம்மாவின் நோட்டில் இப்போது தமிழர் பண்பாடு என்று வேறு என்னவோ ஏறிக்கொண்டிருந்தது.

"அது பொய்யில்லா தம்பி."

"நல்ல பொய்தானக்கா. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

மதினி என்னிடம் இதைச் சொல்லும்போது, "யாருக்கு என்ன நஷ்டம்ங்கிற அந்த வார்த்தைய மட்டும் அவரு சொல்லாம இருந்திருந்தா நான் தலைய ஆட்டியிருப்பேன் தேனு" என்றாள். ஆட்டியிருப்பாள்தான். எல்லாருக்கும் எல்லாம் சரியாகப் போயிருக்கும், அண்ணனைத் தவிர.

அவள் கம்பியிலிருந்து துண்டை எடுத்தாள். அந்தம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கையை விரித்துக் கீழே போட்டாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். ஜோஷுவா, "அக்கா, என்ன செய்யுதீங்க?" என்றார். மதினி மறுபடி துண்டைத் தொங்கவிட்டு, மறுபடி தட்டிவிட்டு, மறுபடி தன்னைக் காட்டினாள். அந்தம்மா எழுதுவதை நிறுத்தினாள்.

பிறகு மதினி குனிந்து துண்டை எடுத்துக்கொண்டு, மறுகையால் அந்தம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பின்பக்கப் படியில் "பைய, பைய" என்றாள். கொட்டகையைத் தாண்டும்போது ஞானம்பாளும் மற்ற மூன்று பேரும் அலசுவதை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஜோஷுவா பின்னாலேயே ஓடிவந்தார். குழாய் வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. மதினி அதன்முன் துண்டை நீட்டி, "துண்டு" என்றாள். வாய்க்காலைக் காட்டினாள். மடையைக் காட்டினாள். கருகிப்போய் நின்ற பயிரைக் காட்டி, "துண்டு" என்றாள். அந்தம்மாவுக்கு அதற்குமேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

தெளிப்பானோடு அண்ணன் வயலுக்குள் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் தேவைப்படவில்லை. மதினியையும் துண்டையும் குழாயையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஏளா, நீயா?" என்றான். தோளிலிருந்த தெளிப்பானைக் கழற்றி வரப்பில் வைத்தான்.

பார்வையிட வந்தவர் முன்வாசல் பக்கம் போகாமல் நேராகப் பின்பக்கம்தான் போனார். அந்தம்மா முன்னமே எழுதிவிட்டாள். ஜோஷுவா சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். பத்தே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். கொட்டகையை மூடி, தகரத்தைக் கழற்றி, யோகா செய்கிற கூடமாக்கிவிட்டார். அழுக்குத் துணியை வாரத்தில் மூன்று தடவை ஒரு வேன் வந்து அள்ளிக்கொண்டு போகிறது, திருநெல்வேலிப் பக்கம் ஏதோ மெஷின் சலவைக்கு. எண்ணெய் வீட்டின் தண்ணீர்ச் செலவு காகிதத்தில் பாதியாகக் குறைந்தது. பச்சை இலைச் சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டு வரவேற்பு மேஜைக்குமேல் மாட்டியிருக்கிறார்கள். அந்த மெஷின்காரன் தண்ணீரை எங்கே விடுகிறான் என்று நான் ஜோஷுவாவிடம் போனில் கேட்டேன். அது அவங்க பொறுப்பு மேடம் என்றார். பாளையங்கோட்டையில் என் வீட்டுக் குழாயில் வருவதும் தாமிரபரணித் தண்ணீர்தான். தினமும் ஒரு செம்பு குடிக்கும்போது எனக்கு அந்த வேன் ஞாபகம் வந்துவிடுகிறது.

வயல் பாதி தேறியது. மகசூல் சுமார்தான். கருகினது ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அண்ணாச்சி இன்னொரு வருடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். எண்ணெய் வீட்டாரும் இப்போது அந்த நிலத்தைக் கேட்பதில்லை. அறை ஜன்னலைத் திறந்தால் பச்சை வயல் தெரிவது விருந்தாளிகளுக்குப் பிடித்திருக்கிறதாம். அண்ணன் வேர்த்து வடிய நாற்று நடுவதைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவனும் நிமிர்ந்து நின்று முகம் காட்டப் பழகிவிட்டான்.

மதினியை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்தம்மா தன் கடிதத்தில் அவள் பெயரை எழுதிப் புகழ்ந்திருந்ததால் நிறுத்த முடியவில்லை. இப்போதும் இருபத்திரண்டு அறை, தொங்குகிற துண்டைத் தொடுவதில்லை.

நாலு பெண்களுக்கும் வேலை போய்விட்டது. மதினி ஞானம்பாள் வீட்டுக்கு இரண்டு தடவை போனாள். முதல் தடவை கதவு சாத்தியிருந்தது. இரண்டாம் தடவை மகள் வெளியே வந்து, அம்மா இல்லை என்று சொன்னாள். உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டதாம்.

சித்திரை விஷு கழிந்த மறுநாள் நான் பாளையங்கோட்டைக்குத் திரும்பவேண்டியிருந்தது. மதினியோடு சேர்ந்தே ஏழரை மணி பஸ்ஸில் ஏறினேன். கூட்டம் நெருக்கியது. முன்பக்கம் ஜன்னல் ஓரத்தில் ஞானம்பாள் உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கொட்டகை மூடியபிறகு அவளை அந்த பஸ்ஸில் மதினி பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஞானம்பாளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதில் அவளுடைய தோள் துண்டு விரித்திருந்தது.

மதினியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். துண்டை எடுக்கக் கையை நீட்டினாள்.

"ஆள் வருது" என்றாள் ஞானம்பாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

மதினி கையை இழுத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றாள். அடுத்த நிறுத்தத்தில் யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை. அதற்கு அடுத்ததிலும் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு நானே உட்கார்ந்துவிடுகிறேன் என்று வாயைத் திறந்தேன். மதினி என் கையை அழுத்திப் பிடித்தாள்.

ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. இருக்கையிலிருந்த துண்டு சரிந்து கீழே, நிற்கிறவர்களின் காலடியில் விழுந்தது. ஞானம்பாள் திரும்பிப் பார்த்தாள். எடுக்கவில்லை. நிற்கிறவர்கள் எல்லாரும் காலி இடத்தைப் பார்த்தார்கள்.

மதினி குனிந்து துண்டை எடுத்தாள். புழுதியை உதறினாள். அதே இடத்தில் மறுபடி விரித்து, நாலு மூலையையும் நீவிச் சரிசெய்துவிட்டு, நிமிர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் வீட்டு நிறுத்தம் வரும்வரை அவள் கை எதையும் சுருட்டவில்லை.